மேற்கோளுக்கு ஒரு கணக்கப்பிள்ளை

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகுவோர் படும் தொல்லைகளுள் பெரியது எது என்று கேட்டால், கருத்துக் கிடைக்காமையே என்று பலரும் சொல்லுவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. கருத்து எப்படியோ கிடைத்துவிடும். பாதியை வழிகாட்டி ஆசிரியர் தருவார். மீதியை டீக்கடை தரும். ஆனால், அக்கருத்தை எந்த நூலில், எந்தப் பதிப்பில், எத்தனையாவது பக்கத்தில் கண்டோம் என்பது இருக்கிறதே, அதுதான் வேண்டும்போது கிடைக்காது. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று நாள் இருக்கையில், இருநூறு நூல்களின் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்துகொண்டு, காற்புள்ளி எங்கே முற்றுப்புள்ளி எங்கே என்று விடிய விடிய விழித்திருக்கும் நண்பர்களை இவ்விடுதியில் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்காகவும், அடுத்த ஆண்டு அந்நிலையை அடைய இருப்பவர்களுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

மேற்கோள் காட்டுவது எதற்கு? படித்தவர் என்று காட்டிக்கொள்ள அன்று. நான் நின்ற இடத்திலேயே நீங்களும் வந்து நின்று, நான் கண்டது உண்மைதானா என்று பார்த்துக்கொள்ள வழி சொல்வதே மேற்கோள். ஊருக்கு வழி கேட்பவனிடம் "அந்தப் பக்கம் போ" என்று கையைக் காட்டுவதும் ஒரு விடைதான். தெருவும் வீட்டு எண்ணும் சொல்வதும் ஒரு விடைதான். ஆராய்ச்சிக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

முன்னாளில் இதற்கென அட்டைகள் வைத்திருந்தார்கள். மூன்று அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள அட்டை ஒன்றுக்கு நூல் ஒன்று. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி, அகர வரிசையில் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். கணிப்பொறி வந்தபின் அந்தப் பெட்டி மென்பொருளாயிற்று. கணிதம், இயற்பியல் பயில்வோர் லேடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையோடு 1985-இல் தோன்றிய பிப்டெக்கை இன்றும் பயன்படுத்துகின்றனர். எண்ட்நோட் என்பது விலைக்கு விற்கப்படுவது. மெண்டலி என்பது இலவசமாகக் கிடைப்பது. ஆயினும் 2013 முதல் எல்சிவியர் என்னும் பெரும் பதிப்பு நிறுவனத்துக்கு உரியது. ஸொடேரோ என்பது 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுத் துறையினர் முயற்சியால் பிறந்தது. இன்றும் இலவசம்; அதன் மூல நிரலையும் எவரும் எடுத்துப் பார்க்கலாம். "கைவரச் செய்தல்" என்னும் பொருள்தரும் அல்பேனிய மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. கையில் காசில்லாத நமக்கு ஏற்றது இதுவே என்பது என் கருத்து. ஆகவே இனிச் சொல்வனவற்றை அதனை வைத்தே சொல்கிறேன்.

அது செய்யும் வேலை மூன்று. நூல்களின் விவரங்களைச் சேர்க்கும். சேர்த்தவற்றைக் காத்து வைக்கும். வேண்டும்போது வேண்டிய வடிவத்தில் எழுதித் தரும். உலாவியில் அதற்குரிய இணைப்பைப் பொருத்திவிட்டால், ஒரு கட்டுரையைத் திறந்து பொத்தானைச் சொடுக்கிய அளவில் விவரமெல்லாம் வந்து சேரும். டி.ஓ.ஐ. என்னும் கட்டுரை எண்ணையோ, ஐ.எஸ்.பி.என். என்னும் நூலெண்ணையோ கொடுத்தாலும் தேடி எடுத்துக்கொள்ளும். பி.டி.எப். கோப்பை இழுத்துப் போட்டாலும், பெரும்பாலும் இன்னாருடைய கட்டுரை என்று தானே கண்டுபிடிக்கும். வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகிள் டாக்ஸ் ஆகியவற்றுள் எதில் எழுதினாலும், எழுதும் இடத்திலேயே மேற்கோளைச் செருகலாம். கட்டுரையின் இறுதியில் துணைநூற்பட்டியல் தானே அமைந்துவிடும். இடையில் ஒரு மேற்கோளை நீக்கினால் பட்டியலிலிருந்தும் அது நீங்கிவிடும்.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். சர் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துவந்த காலத்தில், 1928-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழின் 121-ஆம் தொகுதியில், 501, 502-ஆம் பக்கங்களில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. தமிழர் இருவர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்து எழுதியது என்பதால் நமக்கு அதில் தனி உரிமையும் உண்டு! அதனை உளவியல் துறை மாணவர் காட்டும்போது, "இராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928)" என்று ஆண்டை முன்னே வைத்து எழுதவேண்டும். மருத்துவ மாணவர் புள்ளிகளை யெல்லாம் களைந்து, "இராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்" என்று தொடங்கி, ஆண்டைப் பின்னே தள்ளவேண்டும். பொறியியல் மாணவரோ தலைப்பெழுத்தை முன்னே வைத்து, "சி. வி. இராமன்" என்றே எழுதி, கட்டுரைக்குள் [1] என்று எண் மட்டும் இடவேண்டும். செய்தி ஒன்று, சட்டை மூன்று. ஓர் இதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்து மற்றோர் இதழுக்கு அனுப்ப நேர்ந்தால், எல்லாச் சட்டையையும் கழற்றி மாற்ற வேண்டும். கையால் செய்தால் இரண்டு நாள். மென்பொருளில் பாணியை மாற்றினால் இரண்டு நொடி. இவ்வகைப் பாணிகள் பத்தாயிரத்துக்கு மேல் ஆயத்தமாக உள்ளன.

இவ்வளவும் கேட்டு, இனி நமக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நான் இந்த மென்பொருளைக் கணக்கப்பிள்ளை என்று அழைப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல கணக்கப்பிள்ளை சொன்னதைச் சொன்னபடி எழுதுவான்; கூட்டலில் பிழை செய்யான்; நள்ளிரவிலும் வேலை செய்வான். ஆனால் பேரேட்டில் நீங்கள் கத்தரிக்காயைக் கருவாடு என்று சொன்னால், கருவாடு என்றே எழுதி, அழகாகக் கோடும் போட்டுத் தருவான். இந்தக் குறை எல்லார்க்கும் பொது. எனினும், தமிழராகிய நமக்கு அது வந்து கடிக்கும் இடம் ஒன்று தனியே உண்டு. அதுதான் பெயர்.

இம்மென்பொருள்கள் மேனாட்டார் வழக்கை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. அங்கே ஒருவருக்குக் குடும்பப் பெயர் ஒன்று, இட்ட பெயர் ஒன்று. ஆகவே பெயருக்கு இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். சிலருக்கு ஊரின் எழுத்தும் சேர்ந்து நிற்கும். தன் பெயர் கடைசியில் வரும். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று மென்பொருள் கொள்வதால், "கே. எஸ். கிருஷ்ணன்" தற்செயலாகத் தப்பித்துக்கொள்கிறார். "கிருஷ்ணன், கே. எஸ்." என்று சரியாகவே விழுகிறது.

தலைப்பெழுத்தைப் பின்னே போடும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. கந்தசாமியின் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் "முருகன் க." என்று கையொப்பமிடுகிறார். கணக்கப்பிள்ளை "க." என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, கட்டுரைக்குள் "(க., 2021)" என்று எழுதிவிடுகிறான். படிப்பவர் க என்பவர் யாரென்று எங்கே போய்த் தேடுவார்? இன்னொரு நிலையும் உண்டு. வடநாட்டு அலுவலகங்களிலும் பதிப்பகத்தாரின் படிவங்களிலும் "குடும்பப் பெயர் இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்படாது" என்று தடுப்பார்கள். இங்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே நம்மில் பலர் இதனைச் சுவைத்திருப்போம். வேறு வழியின்றித் தந்தையின் பெயரை நிரப்புவோம். பிறகு உலகம் அக்கட்டுரையை "கந்தசாமி, 2021" என்று மேற்கோள் காட்டும். மகன் கண் விழித்து எழுதிய ஆராய்ச்சிக்கு, வயலில் நிற்கும் தந்தை ஆசிரியராகிவிடுவார்! தந்தைக்குப் பெருமைதான், ஆனால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெருமையால் பயனில்லை.

பழைய பதிப்பாசிரியர்களின் பாடு இதைவிட மோசம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே 1887-இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். தமிழில் எழுதும்போது சாமிநாதையர் என்பது ஒரே சொல், இடர் இல்லை. ஆங்கிலத்தில் ஐயர் என்பதைப் பிரித்து எழுதுவதால், மென்பொருள் அவரை "ஐயர், 1887" என்றும், மற்றவரைப் "பிள்ளை, 1887" என்றும் ஆக்கிவிடும். தமிழ் ஆராய்ச்சி வரலாற்றில் எத்தனை ஐயர்கள், எத்தனை பிள்ளைகள்! வையாபுரிப் பிள்ளையும் அதே பிள்ளைதான்; ஆண்டு வேறு, அவ்வளவே. தமிழ் நூல்களைக் காப்பாற்றிய பெரியோரைச் சாதிப் பெயரால் மட்டும் சுட்டும் பட்டியலைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

இதற்குத் தீர்வு புதிதாகக் காணவேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கி, பின்னர்க் காசியிலும் டில்லியிலும் பெங்களூரிலும் பணிபுரிந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1934-இல் வெளியிட்ட தம் நூற்பட்டி விதிகளில் இச்சிக்கலை ஆராய்ந்திருக்கிறார். தென்னாட்டுப் பெயரின் கடைசிச் சொல் வெறும் சமூகப் பெயராக இருந்தால், அதற்கு முன்னுள்ள இயற்பெயரையும் அதனையும் பிரிக்காமல், இயல்பான வரிசையிலேயே முன்னே நிறுத்தவேண்டும் என்பது அவர் வழி. ஆகவே முதற் கட்டத்தில் "சாமிநாத ஐயர்" என்று இரண்டையும் சேர்த்தே இடுங்கள், இரண்டாம் கட்டத்தில் "உ. வே." என்று இடுங்கள். முடிந்தது. அட்டைக் காலத்தில் அவர் சொன்ன விதி கணிப்பொறிக் காலத்திலும் அப்படியே பொருந்துகிறது.

புதுமைப்பித்தன், கல்கி, இளங்கோவடிகள் போன்ற ஒற்றைப் பெயர்களுக்கு வேறொரு வழி. ஸொடேரோவில் பெயர் வரிசையின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு கட்டங்களும் ஒன்றாகும். அதில் முழுப் பெயரையும் இட்டுவிட்டால் மென்பொருள் அதைத் திருப்பிப் போடாது. நிறுவனங்களின் பெயருக்கும் இதுவே முறை. இதை அறியாதவர்கள் பட்டியலில் "கழகம், சென்னைப் பல்கலைக்" என்பது போன்ற விந்தைகள் விளைகின்றன.

ஒருவர் பெயரை எங்கும் ஒரேவிதமாக எழுதுவதும் முக்கியம். ஓரிடத்தில் "கிருஷ்ணன், கே. எஸ்." என்றும், மற்றோரிடத்தில் "கிருஷ்ணன், கே." என்றும் பதிந்துவிட்டால், இருவர் என்று கொண்டு, அவர்களை வேறுபடுத்துவதற்காகக் கட்டுரைக்குள்ளேயே தலைப்பெழுத்துகளைச் சேர்த்து எழுதும். "இது ஏன் இங்கே மட்டும் இப்படி வருகிறது?" என்று பலர் மென்பொருளைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். கணக்கப்பிள்ளைமேல் குற்றமில்லை, இரண்டு ஆள் என்று சொன்னது பேரேடு.

இனித் தமிழ் நூல்களுக்கு வருவோம். அறிவியல் மாணவர்க்குப் பொத்தானைச் சொடுக்கினால் விவரம் வரும். தமிழாய்வு மாணவர்க்கு அந்த வாழ்வில்லை. நூலெண் 1970-இல்தான் உலகத் தரமாக வகுக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட தமிழ்ப் பதிப்புகளில் அதைத் தேடிப் பயனில்லை. பழைய எழுத்துருக்களில் அமைந்த பி.டி.எப். கோப்புகளிலிருந்து எழுத்தை எடுத்தால், ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். ஆகவே நூலின் முகப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் பதிவதே வழி. சென்னைக்கு ஓடிப் போய்ப் பார்க்க இயலாத நமக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெருந்துணை. பழைய பதிப்புகள் பலவற்றின் முகப்பை அங்கே இங்கிருந்தே காணலாம். பிறர் பட்டியலைப் பார்த்துப் படி எடுக்காதீர்கள். பிழை படியெடுத்தலால்தான் பரவுகிறது.

சங்க நூல் ஒன்றை மறுபதிப்பிலிருந்து காட்டும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, புறநானூற்றுக்குச் சாமிநாதையர் ஆசிரியர் அல்லர், பதிப்பாசிரியர். மென்பொருளில் "ஆசிரியர்" என்பதைப் "பதிப்பாசிரியர்" என்று மாற்றும் வசதி பெயருக்கு இடப்பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, ஆண்டு. கையிலுள்ளது 2015-ஆம் ஆண்டு மறுபதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டை மட்டும் இட்டால், 1942-இல் மறைந்த பெரியவர் இருபத்தோராம் நூற்றாண்டில் பதிப்புப் பணி புரிந்ததாக ஆகும். "எக்ஸ்ட்ரா" என்னும் கட்டத்தில், ஆங்கில எழுத்தில் "ஒரிஜினல் டேட்" என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 1894 என்று முதற்பதிப்பின் ஆண்டைக் குறித்தால், அதனை ஏற்கும் பாணிகளில் இரண்டு ஆண்டுகளும் வரும்.

தமிழிலேயே ஆய்வேடு எழுதுவோர் அகர வரிசையைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன நிற்கிறது. ர-வுக்கு அடுத்து ற நிற்கிறது. ழ-வுக்குப் பின்னே வ வருகிறது. நம் நெடுங்கணக்கு அதுவன்று. குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் ஏதேனும் இடையில் புகுந்தால் வரிசை குலையும். "மற்றும் பிறர்", "பதிப்பாசிரியர்" என்று வரவேண்டிய இடங்களில் ஆங்கிலச் சுருக்கங்கள் வந்து நிற்பதையும் காணலாம். இவற்றைக் கடைசியில் மாற்றுங்கள். ஆனால், மாற்றுமுன் கோப்பைப் படி எடுத்து வைத்துக்கொண்டு, மேற்கோள்களின் தொடர்பை அறுக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டே மாற்றுங்கள். தொடர்பு இருக்கும்வரை, நீங்கள் கையால் திருத்தியதை அடுத்த சொடுக்கிலேயே கணக்கப்பிள்ளை பழையபடி எழுதிவிடுவான்.

சேமிப்பைப் பற்றி ஒரு சொல். ஸொடேரோவின் இணையக் கிடங்கில் கோப்புகளுக்கு 300 மெகாபைட்டு வரை இலவசம்; அதற்கு மேல் கட்டணம். நூல் விவரங்களுக்கு அந்த வரம்பில்லை. கோப்புகளை மடிக்கணினியிலும், தனியே ஒரு வட்டிலும் வைத்துக்கொண்டால் காசு செலவின்றிக் காலம் தள்ளலாம்.

அண்மையில் புதிய இடர் ஒன்று தோன்றியிருக்கிறது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுகளைக் கேட்டு மேற்கோள் பட்டியல் வாங்கும் பழக்கம் பரவியுள்ளது. அவை சில வேளைகளில், எழுதப்படாத கட்டுரையை, எழுதாத ஆசிரியர் பெயரோடு, நம்பத்தக்க பக்க எண்ணும் கொடுத்துப் படைத்துவிடுகின்றன. அதை நம் மென்பொருளில் இட்டால், மெய்யான கட்டுரைக்கு அணிவிக்கும் அதே சட்டையை அதற்கும் அணிவிக்கும். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. டி.ஓ.ஐ. எண்ணை உலாவியில் இட்டு, அக்கட்டுரை உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், நீங்கள் சொல்லும் செய்தி அதில் இருக்கிறதா என்று படியுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பொறுத்தமட்டில் ஸொடேரோ உதவுகிறது. 2019 முதல், அத்தகைய கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது. அதனைப் பார்த்தும் பாராததுபோல் போகாதீர்கள்.

மேற்கோளை ஒழுங்காக இட்டுவிட்டால் திருட்டுக் குற்றம் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், உரிய முறையில் சுட்டிக்காட்டிய மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் ஒப்புமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால், பிறர் எழுதிய பத்தியைத் தம் பத்தியாக எழுதி, கீழே ஓர் அடிக்குறிப்பை ஒட்டவைத்தால், அது மேற்கோள் ஆகாது. ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வேட்டைத் திருத்தித் தரவேண்டும். 60-ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். இதில் எந்த மென்பொருளும் நமக்கு வக்காலத்து வாங்காது.

கடைசியாக, உங்கள் பெயர். முதற்கட்டுரையை அனுப்புமுன், எப்படி எழுதப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுங்கள். தலைப்பெழுத்து முன்னேயா, விரித்து எழுதுவதா, ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒன்றைத் தேர்ந்து, ஆயுள் முழுதும் அதையே எழுதுங்கள். தலைப்பெழுத்தை முன்னே வைப்பது நல்லது என்பேன். கடைசிச் சொல்லாக உங்கள் பெயரே நிற்கும், எந்தக் கணக்கப்பிள்ளையும் அதைத் தவற விடமாட்டான். சான்றிதழில் பின்னே இருக்கிறதே என்று தயங்கவேண்டாம். கட்டுரையில் இடும் பெயர் சான்றிதழில் உள்ளபடியே இருக்கவேண்டும் என்று பொதுவாக எந்த இதழும் கேட்பதில்லை. படிவம் குடும்பப் பெயர் கேட்டால், அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரையும், மற்றதில் தலைப்பெழுத்தையும் இடுங்கள். 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்சிட் என்னும் ஆய்வாளர் எண் பதினாறு இலக்கம் கொண்டது, இலவசம், பதிவு செய்யச் சில நிமிடமே ஆகும். அப்பதிவில் உங்கள் பெயரின் வேறு வடிவங்களையும் குறித்து வைக்கலாம். "முருகன் க." என்று ஏற்கெனவே ஒரு கட்டுரை வெளிவந்துவிட்டவர்கள் அந்த வடிவத்தையும் அதில் சேர்த்து, அக்கட்டுரையையும் தம் எண்ணோடு இணைத்துக்கொள்ளட்டும்.